நாலாவது வரி

மங்கையர்க்கரசி உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு எதிரே நாற்காலி எதுவும் இல்லை. அதைக் கவனித்ததுமே உள்ளுக்குள் ஒரு சிரிப்பு கிளம்பியது. வெளியே விடாமல் உதட்டை இறுக்கிக்கொண்டாள். முதலமைச்சரின் முகாம் அலுவலகத்தில் பார்வையாளர்கள் காத்திருக்கும் அறை அது. பதினெட்டு நாற்காலிகள். வந்ததும் எண்ணிவிட்டாள், எண்ணாமல் அவளால் எந்த அறையிலும் உட்கார முடியாது. பதினெட்டும் உள்ளறைக் கதவைப் பார்த்தபடி, பள்ளிக்கூடத்துப் பெஞ்சு மாதிரி ஒரே திசையில். காத்திருக்கிறவனுக்கு இன்னொரு காத்திருக்கிறவன் முகம் தெரிந்தால் தெம்பு வந்துவிடும், இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்வார்கள், பேசிக்கொண்டால் பயம் பாதியாகிவிடும். கதவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அவனவன் பயம் அவனவனோடு முழுசாக இருக்கும். கடிகாரம் முதுகுக்குப் பின்னால் மாட்டியிருந்தது. கைப்பேசியையும் கைக்கடிகாரத்தையும் வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். சுவரில் படம் இல்லை, மேஜையில் பத்திரிகை இல்லை, கண் போய் உட்கார இடமே இல்லை. அப்படியே பழைய பிரிவின் மூன்றாவது மாடி. ரகசியப் போலீஸ் என்று ஊர் சொல்லும், பத்திரிகைக்காரன் உளவுத்துறை என்று எழுதுவான், உள்ளே இருப்பவர்களுக்கு அது வெறும் பிரிவு. அந்த மூன்றாவது மாடியில் விசாரணைக்கு வந்தவர்களுக்காக நாற்காலிகளை இப்படித் திருப்பிப் போட்டவள் அவள்தான். ஐயா ஒரு ஆணியைக்கூட மாற்றவில்லையே என்று மனசு பொங்கியது. சுவரோரம் நாலு பேர் சாதாரணச் சட்டையும் பேண்ட்டுமாக, யாரோ மாதிரி நின்றிருந்தார்கள். நாலு பேர் காலிலும் ஒரே பழுப்பு ஷூ. சட்டையை மாற்றுவான், மீசையை எடுப்பான், தலைக்குத் துண்டுகூடக் கட்டுவான், அரசாங்கம் கொடுத்த ஷூவை மட்டும் கழற்ற மாட்டான் நம்ம ஆள். நாற்பது வருஷமாக அதே தப்பு. அதுகூட இன்று அவளுக்குப் பிடித்திருந்தது, பிறந்த வீட்டுக்குப் போனால் பழைய ஓட்டைச் சொம்பும் அழகாகத் தெரிவதுபோல.

இரண்டு இடம் தள்ளி உட்கார்ந்திருந்த கால்நடைத் துறை அமைச்சர் குனிந்தபடியே, உதடு அசையாமல், “அம்மா, மணி என்ன இருக்கும்?” என்றார். “ஒன்பது ஐம்பதுங்க” என்றாள். திரும்பிப் பார்க்கவில்லை; உள்ளே ஒரு கடிகாரம் அவளுக்கு எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அமைச்சர் கேட்ட வார்த்தைகளை அவளுடைய வலதுகை ஆள்காட்டி விரல் அதற்குள் தொடைமேல் எழுதி முடித்துவிட்டிருந்தது. ஒரு கோடு, ஒரு கொக்கி, ஒரு புள்ளி. தமிழ்ச் சுருக்கெழுத்து. யார் என்ன பேசினாலும் அந்த விரல் எழுதும். டிவியில் சமையல் சொன்னால் எழுதும், கோயிலில் அர்ச்சகர் சங்கல்பம் சொன்னால் எழுதும், மகள் திட்டினால் எழுதும். இருபத்தோரு வயதில் பிரிவில் சேர்ந்தாள், முப்பத்தேழு வருஷம், ஓய்வு பெற்று ஒன்பது வருஷம். விரலுக்கு மட்டும் ஓய்வு கிடைக்கவில்லை. கூட்டங்களில் பெண்கள் பக்கத்தில் வயர்கூடையும் முருங்கைக்காயுமாக உட்கார்ந்து, முந்தானைக்குள் நோட்டு வைத்து எழுதினாள். நோட்டு வைக்க முடியாத இடத்தில் தொடைமேல் விரலால் எழுதி, வீட்டுக்கு வந்து எழுத்து மாறாமல் தாளில் இறக்கினாள். மேடையில் பேசுகிறவர் இரும வேண்டியதுதான், இருமினார் என்றுகூட வந்துவிடும். நீதிமன்றத்தில் பெரிய பெரிய வக்கீல்கள் எல்லாம் குறுக்கு விசாரணை பண்ணிப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை அசைக்க முடிந்ததா? ஒருமுறை கடலோரக் குப்பத்தில் ஒரு கூட்டம், சித்திரை வெயில், ரெஜினா என்று ஒருத்தி பேசினாள், மில்லில் வேலை பார்க்கிறவள், குரல் கணீரென்று இருக்கும். பேச ஏறுவதற்கு முன்னால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், வெயில்ல வந்திருக்கியேக்கா, குடி, என்று தன் தூக்கில் இருந்த மோரைப் பாதி ஊற்றிக் கொடுத்தாள். உப்பு கம்மியாக இருந்தது. பிறகு மேடை ஏறினாள், பேசினாள், மங்கை எழுதினாள், ரெஜினாவுக்கு எட்டு மாசம் கிடைத்தது, வேலையும் போயிற்று. இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது? சொன்னாள், எழுதினேன். சொல்லாததை எழுதியிருந்தால் பாவம். உப்பு கம்மி. எதற்கு இப்போது மோர் ஞாபகம் வருகிறது, குளிர்சாதனக் காற்று கால்விரலில் ஏறுகிறது, தொண்டை வறண்டுவிட்டது, அதனால்தான்.

ஐயா என்றால் அம்பலவாணன். இன்று முதலமைச்சர். அன்று பிரிவின் தலைவராக வந்து பதினோரு வருஷம் இருந்தார். மற்ற அதிகாரிகள் கத்துவார்கள், மேஜையைத் தட்டுவார்கள். ஐயா கேள்வியே கேட்க மாட்டார். எதிராளியை உட்காரவைத்துவிட்டு சும்மா இருப்பார். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் எதிராளி ஏதாவது ஒன்றைப் பேசி நிரப்புவான், அந்த ஒன்று போதும் அவருக்கு. மூலையில் மங்கை நோட்டோடு இருப்பாள். ஐயா யாரையும் தனியாகப் பார்த்ததில்லை, மூலையில் எழுதுகிற ஆள் இல்லாமல் அவர் அறைக்குள் ஒரு வார்த்தைகூட விழுந்ததில்லை. அந்தக் காலத்தில் காலை அறிக்கை என்று இருபது பக்கம் போகும், யார் படிப்பது? ஒருநாள் மங்கைதான் துணிந்து சொன்னாள், நாலு வரி போதுங்கய்யா என்று. முதல் வரி, யார். இரண்டாவது வரி, எங்கே, எப்போது, அப்போது கை என்ன செய்துகொண்டிருந்தது. அந்தக் கை சமாச்சாரம் அவள் சொந்தச் சரக்கு. கை வேலையாக இருக்கும்போது வாய் பொய் சொல்லாது என்பது அவள் கண்டுபிடித்தது, பீடி சுற்றுகிறவள், பூ கட்டுகிறவள், சவரம் செய்துகொள்கிறவன், இவர்கள் சொல்வதெல்லாம் மனசிலிருந்து நேராக வரும். மூன்றாவது வரி, சொன்ன வார்த்தை, அப்படியே. நாலாவது வரி ஒரே ஒரு எழுத்து, சேதி தந்த வாயின் தரம். ஏ, பி, சி, டி. ஏ என்றால் ஒருமுறைகூடப் பொய்யாகாத வாய். சேதி தருகிறவர்களைப்போலவே எழுதுகிறவர்களுக்கும் தரம் குறித்த அட்டை உண்டு. பிரிவு முழுக்கத் தேடினாலும் முப்பத்தேழு வருஷமும் ஏ-யாகவே இருந்த அட்டை ஒன்றுதான், அது யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. ஐயா பதவியை விட்டு அரசியலுக்குப் போனார், கட்சி ஆரம்பித்தார், எதிர்க்கட்சிக்காரர்கள் சிரித்தார்கள். யார் யாரை எங்கே சந்தித்தார்கள் என்று அவருக்குத் தலைக்குள் அலமாரியே இருந்தது, சிரித்தவர்கள் ஒவ்வொருவராக அவர் பக்கம் வந்து சேர்ந்தார்கள். முதலமைச்சரானதும் கோப்பு, கூட்டம் எல்லாம் குறைந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் உத்தரவு வந்தது, இனி எல்லாத் துறையிலும் காலைச் சீட்டு. தாசில்தார், டாக்டர், தலைமையாசிரியர், வகுப்பாசிரியர், எல்லோரும் தங்களுக்குக் கீழே இருப்பவர்கள் பேசிக் காதில் விழுந்ததை ஏழரை மணிக்குள் நாலு வரியில் எழுதி அனுப்ப வேண்டும். நாலு வரி! செய்தியைப் படித்த அன்று மங்கை பால்காரரிடமிருந்து பூக்காரி வரை எல்லோரிடமும் காரணமில்லாமல் சிரித்துப் பேசினாள். ஒரு மாநிலமே அவள் போட்ட கோட்டில் எழுதுகிறது. பெருமைப்படாமல் வேறென்ன செய்வது?

மகள் இசைவாணி அன்று சிரிக்கவில்லை. அவள் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் டீச்சர், கணவனை விட்டுவிட்டு வந்து ஆறு வருஷமாக அம்மாவோடு இருக்கிறாள், பிள்ளைகள் இல்லை, வகுப்பில் இருக்கும் நாற்பத்திரண்டும்தான் அவள் பிள்ளைகள். ஒருநாள் காலையில் பல பள்ளிகளின் ஆசிரியர் அறைப் பலகையில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. எங்கள் பிள்ளைகள்மேல் நாங்கள் சீட்டு எழுத மாட்டோம். அவ்வளவுதான், கையெழுத்து இல்லை. யார் எழுதியது என்று எவ்வளவோ விசாரித்தார்கள். அப்புறம் திடீரென்று இசைவாணியைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தினார்கள், இன்றோடு பதினோரு நாள். நிரந்தரமாக நீக்குகிற கோப்பு ஐயாவின் மேஜையில் இருக்கிறது, இன்று கையெழுத்தாகிவிடும், பின்னாலேயே வழக்கும் வரும் என்று சற்குணம் சொன்னான். சற்குணம் இன்னும் பிரிவில் இன்ஸ்பெக்டராக இருக்கிறான், பக்கத்துத் தெரு, காலையில் பூங்காவில் அவளோடு நடப்பான், அக்கா அக்கா என்று உயிரை விடுவான். இந்தச் சந்திப்பை வாங்கிக் கொடுத்ததும் அவன்தான், இன்று காரில் அழைத்து வந்ததும் அவன்தான். கிளம்பும்போது இசைவாணி வாசலில் நின்று, “போகாதம்மா. நீ போய் அவர் முன்னாடி நின்னு கெஞ்சி எனக்கு வேலை வேணாம்” என்றாள். “யாருடி கெஞ்சப் போறா? என்னைப் பார்த்தாலே எழுந்திரிச்சு நிப்பாரு” என்றாள் மங்கை. மகள், “யாரும்மா சொல்லியிருப்பாங்க? எனக்குத் தெரிஞ்சு வெளியில யார்கிட்டயும் நான் சொல்லல” என்று கேட்டாள். “கண்டுபிடிச்சுத் தர்றேன்” என்றாள் இவள், “உங்கம்மா எத்தனை பேரைக் கண்டுபிடிச்சவ.” சொல்லும்போதே முதுகு நிமிர்ந்துகொண்டது. வாசல் படியில் மகளின் செருப்பு கவிழ்ந்து கிடந்தது, அதை நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் காரில் ஏறினாள்.

உள்ளறைக்குப் பக்கத்துக் கதவு திறந்து உதவியாளர் வந்தார். அமைச்சரிடம் ஒரு பழுப்பு உறை, மங்கையிடம் ஒரு பழுப்பு உறை. கூப்பிடுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் கொடுப்பது, இதுவும் பழைய வழக்கம்தான். வருகிறவன் தன்னைப் பற்றிய சீட்டைத் தானே படித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். படித்தால் ஆள் வாசலிலேயே இளகிவிடுவான், உள்ளே வேலை பாதி. அமைச்சர் உறையைப் பிரித்தார், படித்தார், மடித்தார், மறுபடி பிரித்தார். பாவம், பழக்கமில்லாதவர். மங்கை தன் உறையை நிதானமாகப் பிரித்தாள். முதலில் கண்ணுக்குத் தெரிந்தது எழுத்தின் நேர்த்திதான். ஒரு அடித்தல் இல்லை, ஒரு சொல் அதிகமில்லை, யார் எழுதினானோ நல்லா இருக்கணும் என்று தோன்றியது. பிறகுதான் படித்தாள். முதல் வரி, இசைவாணி, வேதியியல் ஆசிரியை. இரண்டாவது வரி, புதன்கிழமை காலை ஆறே முக்கால், சொந்த வீட்டுச் சமையலறை, வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மூன்றாவது வரி, ‘நோட்டீஸ நான்தான் எழுதினேன். நாப்பத்திரண்டு பேரும் என்னை நம்பி வாயத் திறக்குறாங்க, அந்த வாய நான் விக்க மாட்டேன்.’ நாலாவது வரி, ஏ.

வெண்டைக்காய். வார்த்தை சரி, நேரம் சரி, வெண்டைக்காயும் சரி. பிஞ்சாகப் பார்த்து இவள்தான் வாங்கி வந்தாள். சமையலறையில் அன்று யார் இருந்தது? இசைவாணி பலகை முன்னால் நின்றாள், மங்கை பால் பொங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலைக்காரி? அவள் எட்டு மணிக்கு முன்னால் வரமாட்டாள். ஜன்னலுக்கு வெளியே? மதில், மதிலுக்கு அப்பால் காலி மனை. கருவி ஏதாவது ஒட்டியிருப்பார்களோ, சுவிட்ச் பெட்டிக்குள், மிக்சிக்கு அடியில்? இல்லை, கருவி என்றால் நாலாவது வரியில் ஏ வராது, கருவிக்குத் தரம் கிடையாது, அதுவும் இவள் சொன்ன விதிதான். அதோடு கருவி வார்த்தையைக் கேட்கும், வெண்டைக்காயை எப்படிக் கேட்கும்? கை என்ன செய்தது என்று பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். பார்த்த ஆள். பொய்யே சொல்லாத ஆள். சமையலறையில் இருந்த ஆள். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது, அன்று வழிந்துவிட்டது, மகள் சொன்னதைக் கேட்ட பெருமையில் பாலை விட்டுவிட்டாள். பெருமை. வியாழக்கிழமை காலை பூங்கா, வேப்பமரத்துப் பெஞ்சு, சற்குணம் பக்கத்தில் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான், பழுப்பு ஷூ. அப்புறம்க்கா, வீட்ல என்ன விசேஷம்? அவன் தினமும் கேட்பதுதான். சும்மா விசாரிக்கிறான் என்றுதான் தினமும் சொன்னாள். என் பொண்ணு சொன்னதைக் கேளு சற்குணம், வெண்டைக்காய் நறுக்கிட்டே சொல்றா, கை நிக்கல, குரல் மாறல, எப்படி ஒரு வாக்கியம் பாரு, அந்த வாய நான் விக்க மாட்டேன்னு. ஒரு எழுத்து மாறாமல் சொன்னாள். கிழமை, நேரம், கை, வார்த்தை. கேட்டவனுக்கு எழுதுகிற வேலைகூட இல்லை. நாலு வரியையும் வரிசைப்படி அவளே சொல்லிவிட்டாள்.

சேதி தருகிறவனுக்குத் தான் சேதி தருவது தெரியக்கூடாது, அதுதான் முதல் பாடம், எத்தனை வீட்டுத் தாய்மார்களிடம் அவளே அப்படிப் பேசியிருக்கிறாள், அப்புறம்க்கா, வீட்ல என்ன விசேஷம். விரல் தொடையில் எழுதிக்கொண்டே போனது, நான்தான், நான்தான், நான்தான். சற்குணத்தை அடித்துக் கொல்ல வேண்டும்போல் வந்தது. வந்தது, போயிற்று. அவன் இடத்தில் அவள் இருந்தால் இதைத்தான் செய்திருப்பாள், இன்னும் கொஞ்சம் சீக்கிரமாக. வெட்கமாக இருக்க வேண்டிய நேரத்தில் மனசின் ஒரு மூலையில் இன்னும் அந்தப் பாழாய்ப்போன பெருமை உட்கார்ந்திருந்தது, ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் ஆகியும் அவள் அட்டையை மூடவில்லை, இன்னும் ஏ. கிழவி வாய் இன்னும் பொன்வாய். சீ, என்ன ஜென்மம் இது. அக்கா, குடி, உப்பு கம்மி. ரெஜினா மேடையேறும்போது திரும்பிப் பார்த்தாளா? பார்த்தாள். முந்தானைக்குள் கை இருந்ததைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, தெரிந்தும்தான் பேசினாளோ? இத்தனை வருஷம் அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் மனசு உப்பைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடும், இன்று தப்பவில்லை. இசைவாணி வெண்டைக்காய் நறுக்கியபோது இவள் பக்கம் திரும்பிச் சிரித்தாள், அம்மாவிடம் சொல்கிறோம் என்ற சிரிப்பு. அந்த வாய நான் விக்க மாட்டேன். மகள் விற்கவில்லை. அம்மா விற்றாள், அதுவும் இனாமாக.

ஐயாவிடம் கெஞ்சினால் நடக்காது. அழுகையை அவர் பார்த்ததில்லையா என்ன, அழுகிறவர்கள் போன பிறகு, எவ்வளவு நேரம் அழுதான் என்று கேட்பவர். முப்பத்தேழு வருஷ உழைப்பைச் சொன்னால் தலையசைப்பார், காபி கொடுக்கச் சொல்வார், கையெழுத்தும் போடுவார். அவருக்கு மனிதர்களிடம் நம்பிக்கை கிடையாது, எழுத்திடம்தான் நம்பிக்கை, ஏ, பி, சி, டி. போன வாரம் ஒரு அமைச்சரை வீட்டுக்கு அனுப்பினார், ஒரே ஒரு ஏ சீட்டை வைத்து. மந்திரிசபையில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாராம், என் ஆட்சியில் மாமன் மச்சான் இல்லை, ஏ-தான் என்று. அப்படியானால் அசைக்க வேண்டியது அவரை இல்லை, அந்த எழுத்தை. விதி இருக்கிறது. ஏ ஒருமுறை பொய்யானால் ஏ இல்லை, டி. அது மட்டுமில்லை, அந்த அட்டையின் கீழ் அதுவரை வந்த சீட்டு அத்தனையும் கிழிபட வேண்டும். விதியைச் சொன்னவளும் அவள்தான், யாருக்காவது அது நடக்கும் என்று நினைத்துச் சொல்லவில்லை, கண்டிப்பாக இருக்கட்டுமே என்று சொன்னாள். அத்தனையும் என்றால் மூன்றாவது மாடியில் இரண்டு இரும்பு அலமாரி. ஒவ்வொரு கூட்டம், ஒவ்வொரு இருமல், ஒவ்வொரு வார்த்தை. வேறென்ன சேர்த்து வைத்தாள் வாழ்க்கையில்? கல்யாணம் ஆன நாலாவது வருஷம் கணவர் போய்விட்டார், மகளைப் பக்கத்து வீடு வளர்த்தது, இவள் அலமாரியை வளர்த்தாள். ஒருமுறைகூடப் பொய் சொல்லாத மங்கையர்க்கரசி என்று பிரிவில் இன்றும் பெயர் சொல்கிறார்கள், அது போய்விடும். அமைச்சரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனவர் ஆறு நிமிடத்தில் வெளியே வந்தார், அவளைப் பார்க்காமல் போனார், ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு மறு செருப்பைத் தேடினார். அடுத்து மங்கையர்க்கரசி என்றார் உதவியாளர். சீட்டை மடிப்பு மாறாமல் உறைக்குள் வைத்துவிட்டு எழுந்தாள். அதிலும் ஒரு பெருமை.

ஐயா எழுந்து நிற்கவில்லை. கையைக் காட்டினார், உட்கார்ந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது, கண் மட்டும் அதே கண். மூலையில் ஒரு பெண், முப்பது வயது இருக்கும், மடியில் நோட்டு, கையில் பென்சில், மங்கையின் பழைய இடம், பழைய கோணம்கூட. நல்லது. ஐயா பேசவில்லை. மங்கையும் பேசவில்லை. அந்த மௌனத்தின் நீள அகலம் அவளுக்குத் தெரியும், எத்தனையாவது நிமிடத்தில் ஆள் உடைவான் என்று பக்கத்தில் இருந்து எண்ணியவள் அவள். இரண்டு நிமிடம். மூன்று. நாலாவது நிமிடத்தில் ஐயா பேனாவை இடம் மாற்றி வைத்தார். அவள் அசையவில்லை.

“சொல்லும்மா, மங்கை” என்றார் கடைசியில்.

ஐயாவை முதலில் பேசவைத்த ஆள் இந்த மாநிலத்தில் வேறு யாராவது இருக்கிறார்களா? அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

“சீட்டுல நாலாவது வரி தப்புங்கய்யா.”

“என்ன தப்பு?”

“ஏ-ன்னு போட்டிருக்கு. அது ஏ இல்ல.”

“அந்த வாய் யாரோடதுன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியுங்கய்யா. என்னோடது.”

மூலையில் பென்சில் ஓடுகிற சத்தம் கேட்டது. மங்கை அது நிற்கும்வரை காத்திருந்தாள். பிறகு ஒவ்வொரு வார்த்தையாக, எழுதுகிறவள் கைக்கு எட்டுகிற வேகத்தில் சொன்னாள், “என் மக அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை. நோட்டீஸ எழுதினது யாருன்னு அவளுக்குத் தெரியாது. பொண்ணைப் பத்திப் பெருமை பேசணும்னு நானா கட்டிச் சொன்னேன். வெண்டைக்காயும் நான் சேர்த்ததுதான். நம்புற மாதிரி இருக்கட்டும்னு.”

ஐயா ரொம்ப நேரம் அவள் கைகளையே பார்த்தார்.

“பொய் சொல்றே.”

“இருக்கலாங்கய்யா” என்றாள் மங்கை. “இப்ப சொல்றது பொய்யின்னா, நான் பொய் சொல்றவ. அன்னைக்குச் சொன்னது பொய்யின்னாலும் நான் பொய் சொல்றவ. எப்படி வச்சுப் பார்த்தாலும் அந்த அட்டை ஏ இல்ல. சீட்டு நிக்காது.”

பென்சில் நின்றது. அந்தப் பெண் தலையைத் தூக்கி ஐயாவைப் பார்த்தாள், இதையும் எழுதவா என்பதுபோல. ஐயா ஒன்றும் சொல்லவில்லை. எழுதாதே என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை, இன்று சொன்னால் நாளைக்கு எந்த எழுத்தை வைத்து யாரை ஆள்வார்? அவள் எழுதினாள்.

“அலமாரி?” என்றார் ஐயா. குரல் தணிந்திருந்தது.

“அலமாரியும்தாங்கய்யா.”

“முப்பத்தேழு வருஷம்மா. ஒரு புள்ளிகூடத் தப்பில்லாத எழுத்து. நான் இங்க உட்கார்ந்திருக்கிறதே அதுமேலதான்.”

இந்த வார்த்தைக்காக அவள் எத்தனை வருஷம் காத்திருந்தாள். நெஞ்சு நிறைந்து கண் கரித்தது. அடக்கவில்லை, ஒரு சொட்டு விழுந்தது, எழுதட்டும் அந்தப் பெண், அழுதார் என்று.

“விதி நாம போட்டதுங்கய்யா” என்றாள்.

ஐயா சீட்டை எடுத்தார், நாலாகக் கிழித்தார், விதிப்படி தன் கையாலேயே மேஜைக் கூடையில் போட்டார். கோப்பைத் திறந்து ‘ஆதாரம் இல்லை’ என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். அலமாரியைக் காலி செய்யச் சொல்லி மூலைப் பெண்ணிடம் ஒரே வாக்கியம் சொன்னார். போகலாம் என்று தலையசைத்தார். கதவு வரை வந்தவள் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அலமாரியில் எங்கேயோ, சித்திரை மாதத்துச் சீட்டு ஒன்று, ரெஜினா என்று முதல் வரியில் இருக்கும், அதுவும் கிழியும். எத்தனை வருஷம் கழித்து. யாருக்கு என்ன பிரயோஜனம். ஆனாலும் கிழியும். படி இறங்கும்போது உடம்பு லேசாக இருந்தது. முப்பத்தேழு வருஷத்தில் எழுதிய எல்லாவற்றையும்விட இன்று சொன்ன அந்த ஒரு பொய் சுத்தமாக இருந்தது, ஒரு வார்த்தை அதிகமில்லை, ஒரு வார்த்தை குறைவில்லை, பிரிவில் அவளைத் தவிர எவராலும் அதைச் சொல்லியிருக்க முடியாது. இசைவாணிக்கு இதை எப்படிச் சொல்வது? யார் சொன்னது என்று கேட்டாளே, கண்டுபிடித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தாளே. சொல்ல வேண்டும். வெண்டைக்காய் நறுக்கும்போது இல்லை, கையில் எதுவும் இல்லாமல் எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

வெளியே வேப்பமர நிழலில் காரோடு சற்குணம் நின்றிருந்தான். ஓடி வந்து கதவைத் திறந்தான்.

“அக்கா! என்னக்கா ஆச்சு? ஐயா என்ன சொன்னாரு? நீங்க என்ன சொன்னீங்க?”

அன்பாகத்தான் கேட்டான். எப்போதும் அன்பாகத்தான் கேட்பான். மங்கை அவனுடைய பழுப்பு ஷூவைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். பேருந்தில் போய்க்கொள்கிறேன் என்று சாடை காட்டிவிட்டு நடக்க ஆரம்பித்தாள். அவன் கூடவே வந்தான்.

“சொல்லுங்கக்கா, என்னதான் பேசினீங்க?”

“ஞாபகம் இல்லப்பா” என்றாள்.

சற்குணத்துக்கு அது புரியவில்லை. ஞாபகம் இல்லை என்று அக்கா சொல்லி அவன் கேட்டதில்லை. பிரிவில் வேலை பார்க்கும் எல்லோரையும்போல, பழக்கத்தில் அவள் கைகளைப் பார்த்தான். கைகள் இரண்டும் சும்மா இருந்தன.